குடவோலையும் நிகழ்தகவும்

பலருள் சிலரைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலை மக்கள் வாழ்வில் நாடோறும் நேர்கின்றது. ஊர்ப் பொதுக்காரியத்திற்குக் குழு அமைத்தலும், பந்தாட்டத்திற்கு ஆட்களைப் பிரித்தலும், விடுதிச் சமையற்கூடத்தை மேற்பார்க்க மாணவர் சிலரை நியமித்தலும் அத்தகையனவே. இவற்றுள் எதிலும் தேர்ந்தெடுக்கப்படாது நின்றவன் உள்ளத்தே எழும் முதற்கேள்வி, "எனக்கும் உரிய வாய்ப்பு இருந்ததா?" என்பதாகும். அக்கேள்விக்கு விடை கூற வல்ல கணிதப் பிரிவினை நிகழ்தகவு என்பர். வகுப்பறையில் அது பந்துகளையும் சீட்டுகளையும் கொண்டு ஆடும் விளையாட்டாகவே தோன்றிப் பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுகின்றது. மனிதரைத் தெரிந்தெடுக்கும் காரியத்தில் அதனை வைத்து நோக்குவோமாயின், அஃது எத்துணைப் பயனுடையது என்பது விளங்கும். அங்ஙனம் நோக்குதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட சான்று ஒன்று கல்லில் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. அதனை ஆராயுமுன், எளிய கணக்குகள் சிலவற்றைச் செய்து பழகிக்கொள்வோம்.

பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே, காமாட்சியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற மாங்காடு என்னும் ஊர் உளது. அவ்வூரில் வாசகசாலை ஒன்று இருப்பதாகவும், அதன் உறுப்பினர் பதின்மர் என்றும், அவருள் மூவர் கொண்ட நிருவாகக் குழு சீட்டுக் குலுக்கி அமைக்கப்பெறுவதாகவும் வைத்துக்கொள்வோம். எத்தனை வேறு வேறான குழுக்கள் அமையக்கூடும்?

முதலில் எடுக்கும் சீட்டில் பதின்மருள் எவர் பெயரும் வரலாம். அதனை எடுத்தபின் எஞ்சுவோர் ஒன்பதின்மர். அதற்கடுத்து எஞ்சுவோர் எண்மர். ஆகவே சீட்டுகள் வெளிவரும் வழிகள் 10 × 9 × 8 = 720 ஆகும். ஆயினும் குழுக்கள் 720 என்று கூறிவிடுதல் பொருந்தாது. கந்தன், வேலன், வள்ளி என்னும் மூவரும் எந்த வரிசையில் வந்தாலும் அமைவது ஒரே குழுவே. மூவரை வரிசைப்படுத்தும் வழிகள் 3 × 2 × 1 = 6. எனவே ஒவ்வொரு குழுவும் ஆறு முறை எண்ணப்பட்டிருக்கின்றது. 720ஐ 6ஆல் வகுக்க, 120 குழுக்கள் என்பது பெறப்படும். இங்ஙனம் வரிசையைப் பொருட்படுத்தாது சேர்க்கும் வகைகளைச் சேர்மானம் என்பர்.

இக்கணக்கு நம் நாட்டிற்குப் புதியதன்று. அறுசுவைகளைத் தனித்தும் கூட்டியும் வைத்தால் 63 வகை உண்டாகும் என்று சுசுருதரின் மருத்துவ நூல் உரைக்கின்றது. 6, 15, 20, 15, 6, 1 ஆகியவற்றைக் கூட்டினால் அத்தொகை வருதலை மாணவர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். பதினாறு வாசனைப் பொருள்களுள் நான்கினைச் சேர்த்தால் 1820 கலவைகள் என்று வராகமிகிரர் கணக்கிட்டார். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னர் காலத்தே வாழ்ந்த மகாவீரர் இதற்குப் பொது விதியையே வகுத்துரைத்தார். வாசனைப் பொருளை எண்ணிய அதே முறைதான் மனிதரை எண்ணவும் உதவுகின்றது.

இனி, வாய்ப்பினை அளக்கும் முறையைக் காண்போம். 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் பாஸ்கல், பெர்மா ஆகிய இருவரும் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுதல் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து இக்கலை முறையாக வளர்ந்தது. அமையக்கூடிய எல்லா வழிகளின் தொகையைக் கீழும், நாம் கருதிய வழிகளின் தொகையை மேலும் எழுதினால் வரும் பின்னமே நிகழ்தகவு. இதிற் கருதத்தக்கன இரண்டு உள. எல்லா வழிகளும் ஒத்த வாய்ப்புடையனவாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கீழெண்ணில் யார் யார் சேர்க்கப்பட்டனர் என்பது தெளிவாதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

வாசகசாலையின் உறுப்பினளாகிய வள்ளி குழுவில் இடம்பெறும் நிகழ்தகவு யாது? அவளைச் சேர்த்துவிட்டால், ஏனை ஒன்பதின்மருள் இருவரைச் சேர்க்க வேண்டும். அதற்கு வழிகள் 36. ஆகவே விடை 36/120, அதாவது 3/10. பதின்மருக்கு மூன்று இடங்கள் என்னும் இயல்பான அறிவும் இவ்விடையையே கூறும். வள்ளியும் வேலனும் ஒருங்கே இடம்பெறுதற்கு நிகழ்தகவு யாது? 3/10ஐ 3/10ஆற் பெருக்கி 9/100 என்று விடை எழுதுவோர் பலர். வள்ளிக்கு ஓர் இடம் போனபின், எஞ்சியவை ஒன்பதின்மருக்கு இரண்டு இடங்களே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சரியான விடை 3/10 × 2/9 = 1/15. குழுக்களை எண்ணிப் பார்ப்பினும், இருவரையும் கொண்டவை 8. 8/120 என்பதும் 1/15 ஆகும். ஒரு பானையிலிருந்து எடுத்ததை மீண்டும் இடாவிடில், ஒவ்வொரு சீட்டும் அடுத்த சீட்டின் நிலையை மாற்றும் என்பது இதனால் அறியப்படும்.

பதின்மருள் ஆடவர் அறுவர், மகளிர் நால்வர் என்க. குழுவில் ஒரு பெண்ணேனும் இருத்தற்கு நிகழ்தகவு யாது? இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. நால்வருள் ஒரு பெண்ணை 4 வழிகளில் எடுத்து, எஞ்சிய ஒன்பதின்மருள் இருவரை 36 வழிகளில் எடுத்து, 4 × 36 = 144 குழுக்கள் என்பர். மொத்தக் குழுக்களே 120 ஆக இருக்க, அதன் ஒரு பகுதி 144 ஆவது எங்ஙனம்? இரு மகளிர் உள்ள குழு இம்முறையில் இரு தடவையும், மூன்று மகளிர் உள்ள குழு மூன்று தடவையும் எண்ணப்பட்டமையே காரணம். நேரான வழி, பெண் ஒருவரும் இல்லாத குழுக்களை முதலில் எண்ணுதலே. ஆடவர் அறுவருள் மூவரை எடுக்கும் வழிகள் 20. ஆகவே பெண் இல்லாமைக்கு நிகழ்தகவு 20/120 = 1/6; ஒரு பெண்ணேனும் இருத்தற்கு 5/6. 'குறைந்தது ஒன்று' என்னும் சொற்களைக் கண்டவிடத்து, அதன் மறுதலையை முதற்கண் எண்ணுக என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

மற்றொரு கணக்கும் செய்வோம். உறுப்பினர் பன்னிருவர், மூன்று தெருக்களினின்று தெருவுக்கு நால்வராக வந்தவர். எல்லார் பெயரையும் ஒரே பானையில் இட்டு மூவரை எடுத்தால், மூன்று தெருக்களுக்கும் ஒவ்வோர் இடம் கிடைத்தற்கு நிகழ்தகவு யாது? மொத்தக் குழுக்கள் 220. தெருவுக்கு ஒருவராக அமைபவை 4 × 4 × 4 = 64. விடை 64/220, அதாவது 16/55. நூற்றுக்கு ஏறத்தாழ 29 தடவைதான் மூன்று தெருவினரும் குழுவில் இருப்பர். ஏனைத் தடவைகளில் ஒரு தெருவேனும் விடுபடும். ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பு ஒன்றே. சூதும் இல்லை, வஞ்சனையும் இல்லை. ஆயினும் தெரு விடுபடுகின்றது. இக்குறையை நீக்க வேண்டுமாயின் யாது செய்யலாம்? தெருவுக்கு ஒரு கட்டாகச் சீட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்று எடுக்கலாம். இவ்வுபாயத்தைச் சோழர் காலத்தினர் கண்டறிந்து கையாண்டனர் என்பதே இனி நாம் கூறப்போவது.

மாங்காடு அமைந்துள்ள அதே காஞ்சிபுர மாவட்டத்தில், தெற்கே, உத்தரமேரூர் உளது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழனுடைய கல்வெட்டுகள் இரண்டு காணப்படுகின்றன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919ஐயும், மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டாகிய 921ஐயும் சார்ந்தன. முன்னதில் வகுத்த விதிகளைப் பின்னது திருத்தி விரிக்கின்றது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறையே இவற்றின் பொருள். அதற்குக் குடவோலை என்று பெயர். குடத்தில் இட்ட ஓலையை எடுக்கும் வழக்கம் அதனினும் தொன்மையானது. அகநானூற்றிலேயே அதனைப் பற்றிய குறிப்பு உளது.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் முறை வருமாறு: ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பெற்றன. ஒரு குடும்பின் ஓலைகள் அனைத்தும் அக்குடும்பின் பெயர் எழுதிய வாயோலையுடன் ஒரு கட்டாகக் கட்டப்பட்டன. முப்பது கட்டுகளும் ஒரு குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோருமாகச் சபையார் அனைவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் வயதில் மூத்தவர் எழுந்து நின்று குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடித்தார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் கட்டு ஒன்றினை எடுத்தான். அக்கட்டிலுள்ள ஓலைகள் வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்பட்டன. அச்சிறுவனே அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுத்தான். அவன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசித்தனர். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இவ்விதிகளின் நுட்பத்தைக் கணிதக் கண்கொண்டு நோக்குக. குடும்புக்குப் பதின்மர் வீதம் 300 பெயர்கள் இருந்தன என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவை அனைத்தையும் ஒரே குடத்தில் இட்டு முப்பதின்மரை எடுத்திருந்தால், ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பு 30/300 = 1/10. குடும்பு குடும்பாக எடுத்தாலும் ஒவ்வொருவர்க்கும் 1/10. தனி மனிதனைப் பொறுத்தவரை வேறுபாடு சிறிதும் இல்லை. குடும்பினைப் பொறுத்தோ வேறுபாடு பெரிது. ஒரே குடமாயின், குறித்ததொரு குடும்பினின்று ஒருவரும் வாராமைக்கு நிகழ்தகவு ஏறத்தாழ 0.34, மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதி. எனவே சராசரியாக ஆண்டுதோறும் முப்பதில் பத்துக் குடும்புகள் வாரியத்தில் இடமின்றி நிற்கும். முப்பது குடும்புகளும் தவறாது இடம்பெறுதற்கு நிகழ்தகவோ, பத்தாயிரங் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. குடும்புக்கு ஒரு கட்டு என்னும் சிறு ஏற்பாட்டினால் அதனை உறுதியாக்கி, நிகழ்தகவினை 1 ஆக்கிவிட்டனர்.

ஆயினும் இவ்வேற்பாட்டிற்கு ஒரு விலையுண்டு. ஒரு குடும்பில் தகுதியுடையார் ஐவரும், மற்றொன்றில் இருபதின்மரும் இருப்பின், முன்னவர்க்கு வாய்ப்பு 1/5, பின்னவர்க்கு 1/20. குடும்புகளுக்குள் சமம் காத்தபோது, ஆட்களுக்குள் நான்கு மடங்கு வேற்றுமை விளைகின்றது. ஆட்களுக்குள் சமம் காத்தாலோ, குடும்புகள் விடுபடும். குடும்புகள் ஒத்த அளவினவாக இருந்தாலன்றி இரண்டினையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இந்நாளில் தேர்தல் தொகுதிகளை வரையறுக்கும்போது, மக்கட்டொகை இயன்றவரை ஒத்திருத்தல் வேண்டும் என்று விதித்திருப்பதன் காரணமும் இதுவே.

முன்னர்க் கூறிய இரண்டு கருத்துகளுள் முதலாவது, எல்லா வழிகளும் ஒத்த வாய்ப்புடையனவாதல் வேண்டும் என்பது. ஒன்றும் அறியாத சிறுவனை அமர்த்தியதும், ஓலைகளைக் குலுக்கியதும், விரித்த கையில் ஓலையை ஏற்கச் செய்ததும், பலர் வாசித்ததும் இதன்பொருட்டே. விரல்களை மடக்கினால் ஓலையை மாற்றிவிடக்கூடும் என்னும் ஐயத்திற்கும் அவர்கள் இடம் வைக்கவில்லை. குலுக்குதல் அற்பமான செயல் என்று எண்ணற்க. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அமெரிக்க அரசாங்கம் வியத்நாம் போருக்கு இளைஞரைத் திரட்டுதற்பொருட்டு, ஆண்டின் 366 பிறந்த நாள்களையும் குமிழ்களில் அடைத்துச் சீட்டெடுத்தது. முதலில் வந்த நாளிற் பிறந்தவர் முதலில் அழைக்கப்படுவர். நன்கு கலந்திருந்தால் ஒவ்வொரு மாதத்தின் சராசரி வரிசையெண்ணும் 183ஐ ஒட்டியே இருத்தல் வேண்டும். சனவரியிற் பிறந்தார்க்குச் சராசரி ஏறத்தாழ 201 ஆகவும், டிசம்பரிற் பிறந்தார்க்கு ஏறத்தாழ 121 ஆகவும் அமைந்தன. மாத வரிசைப்படி பெட்டியில் இட்ட குமிழ்கள் செவ்வனே கலக்கப்படாமையால், ஆண்டின் இறுதியிற் பிறந்த இளைஞர் பலர் போர்க்களம் செல்லும் வாய்ப்பு மிகுந்தது. கணிதர் இதனைச் சுட்டிக்காட்டவே, அடுத்த ஆண்டில் முறையைத் திருத்தினர். குலுக்காத குடம் உயிருக்கும் ஊறு விளைக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

உத்தரமேரூர் விதிகளுள் மற்றொன்றும் கருதத்தக்கது. முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தார் பெயரை ஓலையில் எழுதலாகாது என்பது அது. பதின்மர் உள்ள குடும்பில் ஆண்டுக்கு ஒருவர் வீதம் மூவர் ஓய்ந்திருக்க, குடத்தில் எழுவர் பெயரே இருக்கும். காத்திருந்தவனுடைய வாய்ப்பு 1/10இலிருந்து 1/7 ஆக உயரும். ஒரு முறை பதவி பெற்றவனிடமிருந்து எடுத்து, பெறாதவனுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

எல்லாவற்றையும் அவர்கள் சீட்டுக்கே விட்டுவிடவும் இல்லை. முப்பதின்மருள், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னரே செய்தாரும், கல்வியிலும் வயதிலும் மூத்தாருமாகிய பன்னிருவர் சம்வத்ஸர வாரியத்திற்கு அமர்த்தப்பட்டனர். எஞ்சிய பதினெண்மருள் பன்னிருவர் தோட்ட வாரியத்தையும், அறுவர் ஏரி வாரியத்தையும் ஏற்றனர். பதவிக்காலம் 360 நாள். யார் உள்ளே வருவர் என்பதைக் குடமும், வந்தவருள் பொறுப்பு மிக்க பணி யாருக்கு என்பதை அனுபவமும் தீர்மானித்தன.

இரண்டாவது கருத்துக்கு வருவோம்: கீழெண்ணில் யார் யார் சேர்க்கப்பட்டனர்? ஓலையிற் பெயர் எழுதப்பெறுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதும், வேதக் கல்வியும் வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உடையவனாயின், கல்வி இன்னும் மிகுதியாக வேண்டும். உத்தரமேரூர் அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலம். அதன் வயல்களை உழுதாரும், ஏரிக்கரையை உயர்த்தினாரும், துணி நெய்தாரும், மகளிர் அனைவரும் அக்குடத்திற்குப் புறத்தே நின்றனர். ஓலை பெற்ற பதின்மருள் ஒருவனுக்கு வாய்ப்பு 1/10 என்று கணக்கிட்டோம். ஓலை பெறாதவனுக்கு அஃது எத்தனை ஆண்டு கழிந்தாலும் 0 ஆகும். குடத்தின் உள்ளே நடப்பதை நிகழ்தகவு மிகத் துல்லியமாக அளக்கின்றது. குடத்தினுள் யாரை இடுவது என்பதை அது சொல்லாது. சீட்டெடுப்பு எத்துணை நேர்மையாக நடந்தாலும், பட்டியல் குறுகியதாயின் நேர்மையும் அக்குறுகிய எல்லையளவில் நின்றுவிடும்.

அந்தக் கீழெண்ணை விரிப்பதற்கு ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களை மகளிர்க்கு ஒதுக்கின. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பாதியாக உயர்த்தியது. மாங்காடும் 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. தெருவுக்கு ஓர் இடம் வேண்டுமாயின் தெருவுக்கு ஒரு கட்டு அமைத்தல் வேண்டும் என்று முன்னர்க் கண்டோமன்றோ? மகளிர்க்கென வார்டுகளை ஒதுக்குதலும் அக்கணக்கினையே ஒட்டியது. தற்செயலுக்கு விட்டால் விடுபடக்கூடியவரை விதியினால் உறுதிசெய்தலே இரண்டின் நோக்கமும்.

பழைய குடம் முற்றும் மறைந்துவிடவில்லை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் இருவர் சமமான வாக்குகள் பெற்று முன்னணியில் நின்றால், திருவுளச்சீட்டினால் முடிவு செய்க என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விதிக்கின்றது. ஆங்கு இருவர்க்கும் நிகழ்தகவு சரிபாதி.

மாணவர் செய்து பழகுதற்கு ஒரு கணக்கு தந்து முடிக்கின்றோம். ஒரு வகுப்பில் மாணவர் பதினறுவர், மாணவியர் நால்வர், ஆக இருபதின்மர். ஐவர் கொண்ட குழு சீட்டினால் எடுக்கப்படுகின்றது. மாணவி ஒருவரும் இல்லாத குழு அமைதற்கு நிகழ்தகவு யாது? பதினறுவருள் ஐவரை எடுக்கும் வழிகள் 4368. இருபதின்மருள் ஐவரை எடுக்கும் வழிகள் 15504. முன்னதைப் பின்னதால் வகுக்க, ஏறத்தாழ 0.28 வரும். நான்கு தடவைக்கு ஒரு தடவைக்கு மேலாகவே அக்குழுவில் மாணவியர் இரார். அஃது ஏற்கத்தக்கதா, வேறு முறை வகுத்தல் வேண்டுமா என்பதை அவ்வகுப்பினரே கூடி முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாது, தொகையறிந்து செய்தற்கு இக்கணிதம் துணைநிற்கும். அடுத்த முறை விடுதியிலோ வகுப்பிலோ சீட்டெடுக்கும்போது, நம் மாணவர் முதலில் குடத்திலுள்ள பெயர்களை எண்ணுக. பின்னர், எழுதப்படாத பெயர்கள் எவை என்று வினவுக.